தண்ணீர் இருக்கிறது, ஓட்டம் இல்லை: ஓடை இளைத்தால் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் என்ன ஆகும்?

ஏப்ரல் மாதத்தில் சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலை ஓடைகளில் இறங்கிப் பார்த்தால் அங்கங்கே மடுக்களில் தண்ணீர் கிடக்கும். "தண்ணிதான் கெடக்குதே, மீனுக்கு என்ன குறைச்சல்?" என்றுதான் யாருக்கும் தோன்றும். குறைச்சல் மடுவில் தெரியாது. ஒரு மடுவுக்கும் அடுத்த மடுவுக்கும் நடுவே, கற்களின் மேல் சலசலத்து ஓட வேண்டிய மேட்டுப் பகுதியில்தான் தெரியும். ஓடையின் சிற்றுயிர்கள் அதிகம் வாழ்வது அங்கே. நீர் குறையும்போது முதலில் காய்வதும் அதுதான். இந்தக் கட்டுரையில் அதைச் 'சலசலப்பு' என்றே குறிப்போம்.

முதலில் ஓட்டத்தை அளப்போம்

ஒரு நொடியில் ஓர் இடத்தைக் கடந்து போகும் நீரின் அளவுதான் ஓட்டம். அகலம், சராசரி ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும். கருவி எதுவும் வேண்டாம். ஓடை நேராக ஓடும் இடத்தில் 10 மீட்டர் தள்ளித்தள்ளி இரண்டு கயிறு கட்டுங்கள். நீர் வரும் பக்கத்துக் கயிற்றுக்கு ஓரடி முன்பே ஆரஞ்சுத் தோலைப் போட்டு, கயிற்றைத் தாண்டும்போது நேரத்தைத் தொடங்குங்கள். ஆரஞ்சுத் தோல் பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. காய்ந்த இலையைப் போட்டால் நீரின் வேகத்தோடு காற்றின் வேகமும் சேர்ந்துவிடும். ஐந்து முறை போட்டு நேரத்தின் சராசரி எடுங்கள்; 10 மீட்டரை அதனால் வகுத்தால் மேற்பரப்பு வேகம் கிடைக்கும். மேற்பரப்பு எப்போதும் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் வந்த விடையை 0.8-ஆல் பெருக்க வேண்டும். பெருங்கற்கள் நிறைந்த ஆழமில்லாத இடமென்றால் 0.7 போதும்.

ஓர் எடுத்துக்காட்டு: அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 12 செ.மீ., தோல் 10 மீட்டரைக் கடக்க 25 நொடி. மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.4 மீட்டர், திருத்திய வேகம் 0.32. மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு சுமார் 77 லிட்டர். கோடையில் ஓடை கயிறாய் இளைத்துவிட்டால் இந்த முறை உதவாது. பாறை விளிம்பில் நீர் ஒன்றுகூடி விழும் இடத்தில் 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 8 நொடியில் நிறைந்தால் ஓட்டம் நொடிக்கு 1.25 லிட்டர்.

ஓட்டம் பத்தில் ஒன்றானால் எது எவ்வளவு குறையும்?

ஓட்டம் பத்தில் ஒரு பங்காகும்போது ஆழமும் வேகமும் அகலமும் ஒரே அளவில் குறைவதில்லை. அகலமான, தட்டையான சலசலப்பில் ஆழம் ஏறத்தாழ கால்பங்குக்கு இறங்கும். வேகம் ஐந்தில் இரண்டு பங்காகும். 16 செ.மீ. ஆழத்தில் ஓடிய நீர் 4 செ.மீ. ஆகிவிடும். கற்களின் தலை வெளியே வரும், ஓரங்கள் காயும், நடுவே ஒன்றிரண்டு நூலிழைகள் மட்டும் ஓடும்.

மடுவில் நடப்பது வேறு. அதன் நீர்மட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது கீழ்விளிம்பிலுள்ள பாறை. ஓட்டம் பத்தில் ஒன்றானாலும் மடுவின் மட்டம் சில சென்டிமீட்டர்தான் இறங்கும். கண்ணுக்கு ஒன்றுமே ஆகாததுபோல் இருக்கும். ஆனால் ஆழம் குறையாததால் மடுவுக்குள் வேகம் அப்படியே பத்தில் ஒன்றாகிவிடுகிறது. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள மடுவில் 20,000 லிட்டர் நிற்கும். நொடிக்கு 100 லிட்டர் வரும் காலத்தில் அந்த நீர் முழுவதும் மாற மூன்றரை நிமிடம்கூட ஆகாது. 10 லிட்டர் வந்தால் அரை மணிக்கு மேல். 1 லிட்டர் வந்தால் ஐந்தரை மணி நேரம். மடு நிறைந்துதான் கிடக்கிறது, ஆனால் பழைய நீரோடு.

மூச்சுக்கணக்கு

மலைநீர் குளிர்ந்தது, அதனால் ஆக்சிஜன் மிகுந்தது என்பது பாதி உண்மை. கடல்மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரி நீர் 7.6 மில்லிகிராம்தான். ஆனால் சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காடு 1,400 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே 20 டிகிரி நீர் சுமார் 7.7 மில்லிகிராம்தான் தாங்கும். அடிவாரத்தில், சேலம் நகரின் உயரத்தில், 30 டிகிரி நீர் ஏறத்தாழ 7.3. கையிருப்பில் பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் செலவில் இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் குளிர்ரத்த உயிர்களின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேலே வாழும் மீன் அதே கையிருப்பில் பாதிச் செலவில் பிழைத்துக்கொண்டிருக்கிறது. நீரைச் சூடாக்கிவிட்டால் அதன் வரவும் குறையும், செலவும் கூடும்.

ஆழம் குறைந்த நீர் எளிதில் சூடாகும். உச்சி வெயிலின் ஆற்றலில் பாதியை நீர் வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், 30 செ.மீ. ஆழமுள்ள நீர் ஒரு மணி நேரத்தில் சுமார் 1.4 டிகிரி ஏறும், 10 செ.மீ. ஆழமுள்ள நீர் 4 டிகிரிக்கு மேல் ஏறும். கரையில் மரநிழல் இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். ஓட்டம் குறைந்த ஓடையில் நிழல் தரும் மரத்தை வெட்டுவதைப்போல் கெடுதல் வேறில்லை.

சலசலப்பு நின்றால் காற்றிலிருந்து ஆக்சிஜன் கலப்பதும் நின்றதுபோல்தான். மிச்சம் இருப்பது பாசி. அது பகலில் ஆக்சிஜனைத் தரும், இரவில் தானே எடுத்துக்கொள்ளும். மடுவின் அடியில் அழுகும் சருகும் இரவு முழுக்க எடுக்கும். ஆகவே ஆக்சிஜன் மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காலை ஐந்தரை மணிக்குப் பார்க்கலாம். பத்து மணிக்குப் போனால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரியும். மீன், இறால் பண்ணைக்காரர்கள் பயன்படுத்தும் ஆக்சிஜன் சோதனை கிட் இதற்குப் போதும், ஆனால் பிற்பகலில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு ஓடை நலமென்று முடிவுகட்டக் கூடாது. பொதுவாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மீனுக்குச் சிரமமில்லை. 3-க்குக் கீழே திணறல் தொடங்கும். 2-க்குக் கீழே போனால் விரால், குறவைபோல் காற்றை நேராகச் சுவாசிக்கத் தெரிந்தவைதான் பெரும்பாலும் தங்கும்.

ஒரு கல்லைப் புரட்டினால்

சலசலப்பிலிருந்து முழங்கையளவுக் கல்லை மெதுவாகத் தூக்கி, அடிப்பக்கத்தை வெள்ளைத் தட்டில் நீரூற்றிக் கழுவுங்கள். தட்டையாகக் கல்லோடு ஒட்டி நழுவுபவை மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவம்: வயிற்றின் இருபுறமும் இலைபோன்ற செவுள்கள், பின்னால் பெரும்பாலும் மூன்று இழைவால். இரண்டே வால், ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம், கால்கள் உடலோடு சேரும் இடத்தில் பஞ்சுபோன்ற செவுள் இருந்தால் ஸ்டோன்ஃபிளை. கல்லின் இடுக்கில் பட்டிழையால் சிறு வலை பின்னி அதன் வாய் நீரோட்டத்தைப் பார்த்தபடி இருந்தால், உள்ளே இருப்பது கேடிஸ்ஃபிளை லார்வா. வழவழப்பான பாறையில் கூட்டமாக நின்றபடி ஆடும் கறுத்த சிறு புழுக்கள் கறுப்பு ஈயின் லார்வா. அவை தலையிலுள்ள விசிறிமயிரால் நீரை வடிகட்டித் தின்கின்றன.

இவற்றில் பல மூச்சுக்கும் சோற்றுக்கும் ஓட்டத்தையே நம்பியவை. வலை பின்னிய கேடிஸ்ஃபிளைக்கு நீர் ஓடினால்தான் வலையில் எதுவும் விழும். நீர் நின்றால் வலை சுருங்கிக் குப்பைதான் படியும். மேஃபிளைகளில் சில வகைகள் செவுளை அசைத்து நீரை மாற்றத் தெரியாதவை. ஓடும் நீர்தான் அவற்றின் செவுளில் புதுநீரைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தாலும், வேகம் போனால் அவை மூச்சுத் திணறும். ஸ்டோன்ஃபிளை அப்போது என்ன செய்யும் என்பதைத் தட்டிலேயே பார்க்கலாம். சில நிமிடம் நிற்கும் நீரில் விட்டால், கால்களை ஊன்றி உடலை மேலும் கீழும் ஆட்டித் தண்டால் எடுக்கும். செவுளைச் சுற்றிய நீரைக் கலக்கிவிடும் முயற்சி அது. அதற்கு மேல் வைத்திருக்க வேண்டாம், ஓடையில் விட்டுவிடுங்கள்.

ஓட்டம் குறையத் தொடங்கிய முதல் நாட்களில் கணக்கு ஏமாற்றும். ஓரத்தில் இருந்தவை எல்லாம் நடுவே நெருங்கி வருவதால் ஒரு சதுர அடியில் எண்ணிக்கை கூடும். பல உயிர்கள் கல்லைவிட்டு நீரோடு மிதந்து கீழே போகும். சில, கற்களுக்கு அடியிலுள்ள ஈரச் சரளைக்குள் இறங்கிவிடும். வேகம் குறைந்ததால் வண்டல் அந்த இடுக்குகளை அடைத்திருந்தால் அந்த வழியும் இல்லை. புதிதாக வெட்டிய சாலைச் சரிவிலிருந்தும், வெறும் மண்ணாகக் கிடக்கும் தோட்டச் சரிவிலிருந்தும் மழையில் இறங்கிய செம்மண், ஓட்டம் இருக்கும் வரை போய்க்கொண்டிருக்கும். ஓட்டம் இளைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

கடைசியில் ஆள் மாறிவிடும். மேஃபிளையும் ஸ்டோன்ஃபிளையும் போன இடத்தில் கொசு லார்வா, நத்தை, சேற்றில் நெளியும் சிவப்புப் புழு வந்து சேரும். அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் இருப்பதைப்போன்ற ஒருவகை ஹீமோகுளோபின். குறைந்த ஆக்சிஜனிலும் பிழைக்க அதற்குக் கிடைத்த வசதி. தட்டில் வகை குறைந்து சிவப்பு கூடினால், தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் ஓடை நோயில் விழுந்துவிட்டது. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நீர்த்தரத்தை மதிப்பிட இப்படிப்பட்ட பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் முறையைப் பயன்படுத்துகிறது. ஸ்டோன்ஃபிளைக்கு உச்ச மதிப்பெண், சேற்றுப் புழுவுக்கு அடிமட்டம்.

மீன்கள் எப்படித் தோற்கின்றன

தென்னிந்திய மலையோடைகளில் வாய்க்கு அடியில் ஒட்டுவட்டு உள்ள கேரா வகை மீன்கள் உண்டு. வேகநீரில் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்பவை. வேகம் குறைந்து பாறைமேல் வண்டல் படிந்தால், பசும்பாசிக்குப் பதில் சேறுதான் வாயில் வரும். நடுநீரில் நீந்தும் டேனியோ போன்ற சிறுமீன்கள் நீர் அடித்துக்கொண்டு வரும் பூச்சியை எதிர்த்து நின்று பிடிப்பவை. ஓட்டம் நின்றால் அவற்றின் பந்திக்குப் பரிமாற ஆளில்லை. அயிரை மணலுக்குள் புகுந்து தாக்குப்பிடிக்கும். விரால் சேற்றிலும் கொஞ்ச காலம் கிடக்கும். எல்லா மீனும் ஒன்றுபோல் சாவதில்லை. ஓட்டம் தேவைப்படுபவை போய், குட்டையில் வாழத் தெரிந்தவை நிற்கின்றன. "மீன் இருக்குதே" என்று குட்டையிலும் வாழும் ஜிலேபி மீனை (திலாப்பியா) காட்டி ஓடை நன்றாக இருப்பதாகச் சொல்வது இதனால்தான் செல்லாது.

சலசலப்பின் ஆழம் மீனின் உடல் உயரத்தைவிடக் குறைந்துவிட்டால் அது மேலே போகவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. மடுவிலேயே மாட்டிக்கொள்ளும். பிறகு கொக்கும் மீன்கொத்தியும் தண்ணிப்பாம்பும் வேலையைச் சுலபமாக முடிக்கும். நெருக்கத்தில் ஒட்டுண்ணி பரவும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மீன் பிடிப்பவர்கள் தேடிவருவதும் இப்படித் துண்டான மடுவைத்தான். ஒரு கைப்பிடியில் மீன், நண்டு, கூனி, பூச்சி எல்லாம் போய்விடும்.

இனப்பெருக்கம் இன்னொரு கணக்கு. நம் பக்கத்து மீன்களில் பல, மழையில் புதுத்தண்ணி வந்ததும் எதிர்த்து ஏறி முட்டையிடுபவை. வெதுவெதுப்பான நீரில் கெண்டை வகை முட்டைகள் ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். அந்த இரண்டு நாளும் நீர்மட்டம் நிலையாக இருக்க வேண்டும். திடீரென இறங்கினால் முட்டை கரையில் காயும்.

ஓட்டம் எங்கே போகிறது

சேர்வராயன் மலையின் அடித்தளம் சார்னோகைட் என்ற கடினப் பாறை. மழைநீர் பாறைக்குள் அதிகம் போகாது. மேலேயுள்ள உதிர்ந்த மண்ணடுக்கிலும் விரிசல்களிலும் தங்கி, டிசம்பருக்குப் பின் மெல்லக் கசிந்து ஓடைக்கு வரும். திருமணிமுத்தாறு, சரபங்கா, வடக்கே இறங்கும் வாணியாறு எல்லாம் இந்த மலையில் பிறந்தவை. கோடையில் மழையில்லாத நாட்களில் ஓடையில் ஓடுவது அந்தச் சேமிப்புதான். சரிவில் ஆழ்துளைக் கிணறு போடுவது அதே பானையில் வேறொரு துளை போடுவதுதான்.

நேரடியாக இழுப்பதோ உடனே தெரியும். 5 ஹெச்.பி. மோட்டார் 30 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும்போது நொடிக்கு 5–6 லிட்டர் எடுக்கும். ஏப்ரலில் நொடிக்கு 15 லிட்டர் ஓடும் ஓடையை மூன்று மோட்டார் முழுதாக விழுங்கிவிடும். இதில் சேதத்தைப் பெரிதாக்குவது மும்முனை மின்சாரம். கரண்டு வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். சலசலப்பு ஒரு மணி நேரத்துக்குள் வற்றும். மெல்லக் குறைந்தால் நகர்ந்து தப்பிக்கத் தெரிந்த பூச்சிகளும் குஞ்சுகளும் கல்லிடையிலேயே மாட்டிக்கொள்ளும். இரவில் நீர் திரும்பி வரும். ஆனால் காலையில் செத்தது செத்ததுதான்.

மடுவின் கீழ்விளிம்புக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலும் அடுத்த மடுவுக்குப் போகும் மேல்நீர் பூஜ்யம். ஏற்காடு ஏரிக்கும் கிளியூர் அருவிக்கும் இதே உறவுதான்: ஏரியின் மிகைநீர்தான் சுமார் 300 அடி கீழே அருவியாக விழுகிறது. ஏரி நிறைய நீர் இருந்தும், வழியும் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றால் அருவிக்கு ஒன்றும் வராது.

குறைந்த நீரில் கழிவு

அரபிகா காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவும் வேலை நவம்பர் முதல் ஜனவரி வரை நடக்கும். ஓட்டம் இறங்கத் தொடங்கும் காலமும் அதுதான். அந்தக் கழுவுநீரில் சர்க்கரையும் வழுவழுப்பும் நிறைய. அதை மட்க வைக்க லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும். 3,000 என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு லிட்டர் கழுவுநீர் 100 லிட்டர் ஓட்டத்தில் கலந்தால் தேவை சுமார் 30 மில்லிகிராம். 10 லிட்டர் ஓட்டத்தில் கலந்தால் 270-ஐத் தாண்டும். ஓடையிடம் இருப்பதோ ஏழெட்டு. கழுவுநீரைத் தொட்டியில் தேக்கிச் சுத்திகரிக்காமல் விட்டால் கீழே சில கிலோமீட்டருக்குச் சலசலப்பில் சாம்பல்நிறப் பூஞ்சைபோன்ற திரைதான் மிஞ்சும்.

அம்மோனியா இன்னும் வஞ்சகமானது. அதில் மீனைக் கொல்லும் வடிவத்தின் பங்கு, நீரின் அமில-கார அளவான பிஹெச் ஏற ஏறக் கூடும்: 25 டிகிரியில் பிஹெச் 7-இல் 0.6 சதவீதம், 8-இல் 5 சதவீதத்துக்கு மேல், 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தேங்கிய பாசி மடுவில் பிற்பகலில் பிஹெச் 9-ஐத் தொடுவது அரிதல்ல. ஓடும் நீரில் தாங்கிய அதே அளவு சாணக்கழிவு, தேங்கிய நீரில் கொல்கிறது. சேலம் நகருக்குள் கோடையில் திருமணிமுத்தாற்றில் ஓட்டம் இருப்பதாகத் தெரிவது பெரும்பாலும் கழிவுநீர் என்பதால், அங்கே வாளிக்கணக்கு எதையும் சொல்லாது.

எவ்வளவு விட்டால் போதும்

அமெரிக்காவில் 1976-இல் டெனன்ட் என்ற மீனியல் அறிஞர் சொன்ன முறை இன்றும் புழங்குகிறது: ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் குறுகிய காலம் உயிரைப் பிடித்துவைக்க, 30 சதவீதம் ஓரளவு நல்ல வாழ்விடத்துக்கு. ஆறு மாதம் பாய்ந்து ஆறு மாதம் இளைக்கும் நம் ஓடைக்கு ஆண்டுச் சராசரி பொருந்தாது. அந்தந்த மாதத்தின் இயல்பான ஓட்டத்தை வைத்துத்தான் பேச வேண்டும். கங்கைக்கு 2018-இல் வந்த அறிவிக்கையும் அப்படித்தான் பருவத்துக்குப் பருவம் 20, 25, 30 சதவீதம் என்று பிரித்தது. தோட்டத்தில் நிற்பவருக்கு எளிய அளவுகோல்: சலசலப்பின் ஆழமான கோட்டில் மேலிருந்து கீழ்வரை நீர் அறுபடாமல் ஓட வேண்டும், அந்த ஓடையின் பெரிய மீன் முதுகு நனைய நீந்தும் ஆழம் வேண்டும். அது அறுபடும் நாளில் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும்.

மிதவை ஸ்விட்ச் ஒன்றை மடுவின் கீழ்விளிம்பு மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே நிறுத்தி அமைத்தால் மோட்டார் தானே நிற்கும். நீரை உறிஞ்சும் குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட்வால்வுக்குக் கொசுவலை கட்டினால் குஞ்சு உள்ளே போகாது; ஆனால் வலை பெரிய கூண்டாக இருக்க வேண்டும், இறுக்கிச் சுற்றினால் சருகு அடைத்து மோட்டார் திணறும். பக்கத்துத் தோட்டத்தோடு முறைவைத்து இறைப்பது இவை எல்லாவற்றையும்விட மேல். தடுப்பணை கட்டுபவர்கள் அடியில் 2 அங்குலக் குழாய் ஒன்றை வைத்தால், அரை மீட்டர் நீர் நிற்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் கீழே போய்க்கொண்டிருக்கும். குழாய் வாயைச் சருகு அடைப்பதுதான் வழக்கமான கோளாறு. குழாயின் உள்வாயை மட்டும் அடியிலிருந்து ஓரடி உயர்த்தி வைத்துச் சல்லடை போட்டு, வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

மழை வந்து ஓட்டம் திரும்பிய பின் கல்லைப் புரட்டும்போது, எது வந்திருக்கிறது என்பதைவிட எது இன்னும் வரவில்லை என்று பாருங்கள். கறுப்பு ஈ லார்வாவும் சிறிய மேஃபிளைகளும் சில வாரங்களில் வந்துவிடும். பறந்துவந்து முட்டையிடுபவை, வேகமாக வளர்பவை. ஸ்டோன்ஃபிளைக்கு வளர்ந்து முடிக்கவே பல மாதங்கள், சிலவற்றுக்கு ஓராண்டுகூட ஆகும். நன்றாகப் பறக்கவும் தெரியாது, பெரும்பாலும் மேலோடையிலிருந்து மிதந்துதான் வர வேண்டும். நடுவே அணையோ ஏரியோ இருந்தால் அந்த வழியும் அடைபடும். அக்டோபரில் ஓடை முழுக்கப் பாய்ந்தாலும் அதைத் தேடி அடுத்த கோடைக்கு முன் இன்னொரு முறை இறங்க வேண்டியிருக்கும்.